4015-ஆம் நம்பர் வால்நட்சத்திரம்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள குணா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நைட் டியூட்டி வாரம் என்பதால் உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் முடிந்தது. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது யார் சொன்னாலும் கேட்காமல் தனியாகவே மாடி ஏறித் துணி காயப் போடுகிறாள். பெரியவள் பி.எட். சேர்ந்துவிட்டாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை நீ விட்டுப் போன மாதிரியே நிற்கிறது. நம்ம தெரு கேரம் கிளப்பில் மட்டும் புதுப் பசங்க. நன்றாக ஆடுகிறார்கள்.

இனி உன் வகுப்புப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "சிறுகோள்னு நம்பர் போட்டு வச்சதை அப்புறம் வால்நட்சத்திரம்னு மாத்துறாங்களே, முதல்லயே சரியா பார்க்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டானாமே. அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. பொறுமையாகப் படி.

1949 நவம்பர் 19. கலிஃபோர்னியாவில் பாலமார் மலை. 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியால் அங்கிருந்து தெரியும் வானத்தைப் பகுதி பகுதியாகப் படம் பிடிக்கும் பெரிய வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த வேலைக்கு ஃபிலிம் சுருள் கிடையாது, கண்ணாடித் தட்டுதான். ஒவ்வொரு தட்டும் 14 அங்குலச் சதுரம். ஒரே பகுதியை நீல ஒளிக்கு ஒரு தட்டிலும் சிவப்பு ஒளிக்கு ஒரு தட்டிலும் எடுப்பார்கள். அன்றைக்கு எடுத்ததில் சின்னதாக வாலோடு ஒரு புள்ளி விழுந்திருப்பதை ஆல்பர்ட் வில்சன், ராபர்ட் ஹாரிங்டன் என்ற இரண்டு பேர் கவனித்தார்கள். வால்நட்சத்திரத்துக்குக் கண்டுபிடித்தவர் பெயரை வைப்பது வழக்கம் என்பதால் அது வில்சன்-ஹாரிங்டன் ஆனது. சில நாட்கள்தான் அதைப் பார்க்க முடிந்தது. அதை வைத்துச் சரியான பாதை போட முடியவில்லை. அடுத்த முறை எங்கே, எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. தொலைந்தே போய்விட்டது.

முப்பது வருஷம் கழித்து, 1979 நவம்பரில், அதே பாலமாரில் எலினார் ஹெலின் என்ற அம்மையார் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். வாலும் இல்லை, புகை மாதிரிப் படலமும் இல்லை. சுத்தமான ஒரு புள்ளி. 1979 விஏ என்று குறித்துக்கொண்டார்கள். அது சூரியனைச் சுற்ற சுமார் நாலே கால் வருஷம் ஆகிறது. கிட்டே வரும்போது பூமியின் பாதை வரைக்கும் வந்துவிட்டு, எட்டப் போகும்போது வியாழன் பக்கம் போய்த் திரும்புகிறது. பல வருஷம் பார்த்துப் பாதை உறுதியானதும் 4015 என்று நிரந்தர நம்பர் கொடுத்தார்கள்.

பாதை உறுதியானால் அதைப் பின்னோக்கியும் ஓட்டிப் பார்க்கலாம். இன்ன வருஷம் இன்ன தேதியில் இது எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தை யாராவது அப்போது படம் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று பழைய தட்டுகளில் தேடுவார்கள். டெட் போவெல் என்ற ஆராய்ச்சியாளர் அப்படித் தேடியபோது இதன் தடம் 1949-ஆம் வருஷத் தட்டில் போய் நின்றது. அங்கே பார்த்தால் அந்தப் புள்ளிக்கு வால் இருக்கிறது! 1979-க்கு ஏழு சுற்று முன்னால் தொலைந்த வில்சன்-ஹாரிங்டன்தான் இந்த 4015. புதுக் கண்டுபிடிப்புகளை உலகத்துக்கு அறிவிக்கும் வேலை வானியல் தந்தி மையத்துடையது. பிரையன் மார்ஸ்டன் பொறுப்பில் இருந்த அந்த மையம் 1992 ஆகஸ்டில் இதை அறிவித்தது. இப்போது அதற்கு இரண்டு கணக்கிலும் இடம் உண்டு. சிறுகோள் பட்டியலில் 4015, திரும்பத் திரும்ப வரும் வால்நட்சத்திரங்களின் பட்டியலில் 107பி.

குணா, இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷமாக எக்ஸ்ரே எடுப்பவனுக்கு இது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். டார்க் ரூம் காலத்தில் ஃபிலிமைக் கையாளும்போது நகம் அழுந்தி ஃபிலிம் லேசாக மடங்கினால்கூடப் பிறை மாதிரி ஒரு கோடு விழும். காற்று வறண்ட நாளில் ஃபிலிமை உருவினால் மின்பொறி தட்டி மரக்கிளை மாதிரி ஒரு தடம் விழும். தெரியாதவன் அதை நுரையீரலில் இருப்பதாக நினைத்துவிடுவான். சந்தேகம் வந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "பழைய ஃபிலிம் இருக்கா?" என்பதுதான். அந்த மஞ்சள் கவரைப் பத்து வருஷம் பீரோவில் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவரும் ஆயாக்களைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும். பாலமார் தட்டுகளை அப்படித்தான் யாரோ துடைத்து, உறை போட்டு, அடுக்கிக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார்கள்.

அந்த வால் தட்டில் விழுந்த கோளாறாக இருக்கக் கூடாதா என்று உன் பையன் கேட்பான். கேட்கட்டும். பிற்பாடு அந்தத் தட்டுகளை மறுபடி அளந்தார்கள். நீலத் தட்டில் வால் நன்றாகத் தெரிகிறது, சிவப்பில் ரொம்ப மங்கல். தூசி வாலாக இருந்தால் சூரிய வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும், சிவப்பிலும் நன்றாகப் பதிந்திருக்கும். நீலத்தில் தூக்கலாக இருப்பதால் அது மின்னேற்றம் பெற்ற வாயு என்று முடிவுக்கு வந்தார்கள். உள்ளே இருந்த பனி வெயிலில் ஆவியாகிக் கிளம்பியிருக்கிறது. ஆனால் 4015 திரும்ப வந்தபோதெல்லாம் பெரிய தொலைநோக்கிகளால் பார்த்தும் 1949-இல் தெரிந்த மாதிரி வால் கண்ணில் படவில்லை. அன்றைக்கு அந்தத் தட்டு எடுக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அதைச் சாதாரணப் பாறை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

நம்ம ஊரிலேயே இதற்கு நேர் எதிரான ஒரு கதை நடந்திருக்கிறது. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் வானிலை ஆபீஸ் இருக்கிறதே, அந்த வளாகத்தில்தான் மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. பழைய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. 1861-இல் நார்மன் போக்சன் அங்கிருந்துதான் 67 ஏஷியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அது. 1872 நவம்பர் 27 அன்று ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. 1846-இல் இரண்டாக உடைந்து, 1852-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாத பீலா வால்நட்சத்திரத்தின் சிதறல் அது. ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃப்யூஸ் என்பவர் போக்சனுக்குத் தந்தி அடித்தார்: பீலா பூமியை உரசிப் போயிருக்கிறது, செண்டாரஸ் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் தேடிப் பாருங்கள் என்று. டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் போக்சன் தேடினார். நிஜமாகவே அங்கே ஒரு வால்நட்சத்திரம் இருந்தது! அதோடு மேகம் மூடிவிட்டது. டிசம்பர் மாதத்து மெட்ராஸ் வானத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாதை போடக் குறைந்தது மூன்று நாள் பார்த்த நிலை வேண்டும். இருந்தது இரண்டு. அது பீலாவாக இருக்க முடியாது என்றுதான் பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வேறு எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் விடியலில் கொஞ்சம் மேகம் விலகியிருக்கக் கூடாதா என்று எனக்கு இப்போதும் ஆறவில்லை.

பையனிடம் நீ சொல்ல வேண்டியது இதுதான். முதல் முறை பார்த்தவர்கள் ஒழுங்காகத்தான் பார்த்தார்கள். தூரத்தில் இருக்கும்போது பாறையும் புள்ளிதான், பனிக்கட்டியும் புள்ளிதான். சூரியன் பக்கம் வந்து, மேல் ஓட்டுக்கு அடியில் இருக்கும் பனிக்கு வெயில் பட்டால்தான் வால். ஒரு ராத்திரி பார்த்து அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், பார்த்ததை எடுத்து வைக்கவும் வேண்டும்.

திரும்பத் திரும்ப என்று ஏன் சொல்கிறேன் என்றால், எல்ஸ்ட்-பிசாரோ என்று இன்னொன்று இருக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சிறுகோள் கூட்டத்திலேயே வட்டமடிப்பது. 1979-இல் சிறுகோளாகப் பதிவானது. 1996-இல் சிலியில் லா சில்லாவில் எடுத்த படத்தில் திடீரென்று நீளமாக வால். வேறு ஏதாவது கல் வந்து மோதித் தூசி கிளம்பியிருக்கும் என்று பலர் சொன்னார்கள், நியாயமான சந்தேகம்தான். மோதல் என்றால் ஒரு தடவையோடு சரி. பனி என்றால் சூரியனுக்குக் கிட்டே வரும் ஒவ்வொரு சுற்றிலும் தலைகாட்டும். காத்திருந்தார்கள். சுற்றுக்கு ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆகும். 2002-இல் வால் திரும்ப வந்தது, 2007-இல் மறுபடியும். இந்த மாதிரி இன்னும் சிலவற்றையும் சேர்த்து, சிறுகோள் பட்டையிலேயே வால்நட்சத்திரக் கூட்டம் ஒன்று இருக்கிறது என்று ஹென்றி ஷே, டேவிட் ஜூவிட் இருவரும் 2006-இல் எழுதினார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ரீட் என்ற வால்நட்சத்திரத்திலிருந்து நீராவி வருவதை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்திருப்பதாக 2023-இல் அறிவித்தார்கள். பாறைகள் மட்டுமே இருக்கும் என்று நாம் படித்த இடத்தில் தண்ணீர்!

எனக்கு இதில் ஒரு சின்ன வேலையும் கிடைத்திருக்கிறது. ஆக்டிவ் ஆஸ்டராய்ட்ஸ் என்று 2021-இல் தொடங்கிய, பொதுமக்கள் இணையத்தில் உதவும் ஒரு திட்டம். சிலியில் இருக்கும் நாலு மீட்டர் தொலைநோக்கியின் கேமரா வேறு வேலைக்காக எடுத்த படங்களில் தற்செயலாகச் சிறுகோள்களும் விழுந்திருக்கும். அவற்றைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிப் போடுகிறார்கள். நடுவில் இருக்கும் புள்ளிக்கு வாலோ படலமோ தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெரியவளின் லேப்டாப்பில் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருவேன். சாம்பல் நிறத்தில் பொரி பொரியாக ஒரு சதுரம், நடுவில் கொஞ்சம் வெளுத்த புள்ளி. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கேமராவில் பட்டால் ஊசி மாதிரி ஒரு கீற்று விழும், அது பெரும்பாலும் புள்ளியைத் தொடாது. பிரகாசமான நட்சத்திரம் வழிந்து போட்ட கோடு நேர்கோடாக இருக்கும். பின்னால் மங்கலாக ஒரு கேலக்ஸி இருந்தால் அதுதான் ஆளை ஏமாற்றும், வால் மாதிரியே ஒட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலான படத்தில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்று சொல்வதும் அவர்களுக்கு வேண்டிய பதில்தான். ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த பழக்கம் எனக்கு இதில் கைகொடுக்கிறது.

இங்கே மாடியிலிருந்து பார்த்தால் வானம் எப்படி என்று உனக்கே தெரியும். மணலிப் பக்கம் எப்போதும் ஆரஞ்சு வெளிச்சம், தெருவெல்லாம் எல்.இ.டி. 1986-இல் ஹாலி வால்நட்சத்திரத்துக்காக விடியற்காலையில் காசிமேட்டுக் கரையில் நின்றோமே, அன்று தெரிந்ததில் கால்வாசி நட்சத்திரம்கூட இன்று அங்கே தெரியாது. அதனால்தான் உன் ஊர் மேல் எனக்குப் பொறாமை. ஆலங்காயத்தில் இருந்துகொண்டு பக்கத்தில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கு இன்னும் போகவில்லை என்று எழுதியிருக்கிறாயே, எப்படியடா மனசு வருகிறது? 1988-இல் ராஜமோகன் குழு 4130 ராமானுஜன் சிறுகோளைக் கண்டுபிடித்தது அந்த மலையில்தான். போக்சனுக்கு அப்புறம் நூறு வருஷம் கழித்து இந்தியாவிலிருந்து கண்டுபிடித்தது. பசங்களை ஒரு வேன் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ.

தை பிறந்ததும் எனக்கு நாலு நாள் லீவு இருக்கிறது. வாணியம்பாடி வரை ரயிலில் வந்துவிடுகிறேன். காவலூரில் பொதுமக்களை எந்தக் கிழமை விடுகிறார்கள், முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா என்று விசாரித்து எழுது. அமாவாசைக்குப் பக்கமாகத் தேதி பார். அந்தக் கேள்வி கேட்ட பையன் பெயரையும் எழுது. அவனுக்கு என் பழைய பைனாகுலரைக் கொண்டுவருகிறேன், லென்ஸில் பூஞ்சை எதுவும் இல்லை, நன்றாக இருக்கிறது. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். அம்மா உங்கள் இரண்டு பேருக்கும் நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள்.

உன்,
செல்வம்