ஒரே ஆசனத்துக்கு இரண்டு தடவை காசு கழிவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு பஸ்ஸுக்கு இணையத்தில் ஆசனம் பதியும்போது சிலருக்கு இரண்டு தடவை காசு கழிந்துவிடுகிறது. கேட்டால் "நெற்வேர்க் பிரச்சினை" என்கிறார்கள். வலையமைப்பு தடுமாறத்தான் செய்யும். அதைத் தாங்கும்படி மென்பொருளை எழுதாததே குறை.

இன்றைய பதிவுச் செயலிகள் பலவற்றில், "ஆசனம் பதியப்பட்டது" என்ற நிகழ்வுச் செய்தி முதலில் ஒரு வழிப்படுத்திக்குப் போகும். அமேசனின் ஈவென்ட்பிரிட்ஜ், மைக்ரோசொப்டின் ஈவென்ட் கிரிட் எல்லாம் இந்த வகை. அது தன் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, காசு கழிக்கும் பகுதி, குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி, நடத்துநரின் பட்டியல் என ஒவ்வொன்றுக்கும் பிரதி அனுப்பும். நடுவில் ஒரு வரிசை இருந்தால், நல்லூர்த் திருவிழாக் கால நெரிசலிலும் செய்திகள் தம் முறைக்குக் காத்திருக்கும்.

இந்தச் சேவைகள் பொதுவாகத் தரும் உறுதி, குறைந்தது ஒரு தடவையாவது செய்தியைச் சேர்ப்போம் என்பதே. ஒரே தடவைதான் வரும் என்பது அந்த உறுதியில் இல்லை. அமேசனின் எஸ்.கியூ.எஸ். வரிசையில் ஒரு பகுதி எடுத்த செய்தி, அமைப்பை மாற்றாவிட்டால், 30 செக்கன் மட்டுமே மற்றவற்றுக்கு மறைந்திருக்கும். வங்கியின் பதில் வர 40 செக்கன் எடுத்தால், செய்தி மீண்டும் வெளிப்பட்டு, காசு கழிக்கும் அதே நிரலின் இன்னொரு பிரதியின் கையில் விழும். காசு மறுபடி கழியும். செய்தி மறைந்திருக்கும் நேரத்தை 12 மணித்தியாலம் வரை கூட்டலாம். நிரல்களை ஓட்டித் தரும் அமேசனின் லாம்டா சேவையுடன் வரிசையை இணைத்தால், அந்த நிரலுக்கு விட்ட கால எல்லையின் 6 மடங்காவது வைக்கும்படி அமேசனே சொல்கிறது.

நேரத்தைக் கூட்டுவது மட்டும் போதாது. காசைத் தொடுமுன், பதிவு இலக்கத்தைத் தனித்துவச் சாவியாக, அதாவது இரண்டாம் தடவை எழுத முடியாத அடையாளமாக, தரவுத்தளத்தில் எழுத வேண்டும். ஏற்கெனவே முடிந்த பதிவு என்றால் செய்தியை விட்டுவிட வேண்டும். வங்கிக்கும் அதே இலக்கத்தையே அனுப்ப வேண்டும். வழிப்படுத்தி தரும் நிகழ்வு இலக்கத்தை இதற்கு நம்பக் கூடாது: செயலி அதே பதிவை மீண்டும் அனுப்பினால் ஈவென்ட்பிரிட்ஜ் புதிய இலக்கம் போட்டுவிடும்.

காணாமற்போகும் செய்திதான் இன்னும் கொடுமை. விதி "உறுதி" என்ற சொல்லைத் தேட, அனுப்புபவர் ஓர் இடைவெளி கூடுதலாக விட்டு எழுதினால் எதுவும் பொருந்தாது. பிழைச்செய்தியும் வராது. காசு போயிருக்கும், நடத்துநரின் பட்டியலில் பெயர் இராது. எல்லா நிகழ்வுகளையும் பதிவேட்டில் எழுதும் பொது விதி ஒன்று கட்டாயம் வேண்டும்.

பெறும் பகுதி செயலிழந்தால் ஈவென்ட்பிரிட்ஜ் வழமையாக 24 மணித்தியாலம், 185 தடவை வரை முயலும். பிறகு கைவிட்டுவிடும். சேராத செய்திகளுக்கெனத் தனி வரிசை வைத்திருந்தால் மட்டுமே அவை மிஞ்சும். அந்த வரிசையும் இயல்பாக 4 நாள்தான் வைத்திருக்கும். பொங்கலோடு வார இறுதியும் சேர்ந்தால் அதுவே கழிந்துவிடும். 14 நாளாக மாற்றி, ஒரு செய்தி விழுந்தாலும் பொறுப்பானவரின் தொலைபேசிக்கு எச்சரிக்கை போகும்படி செய்ய வேண்டும்.

செயலி செய்விக்கும் பஸ் உரிமையாளர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பாடசாலைகளும் இறுதிக் கொடுப்பனவுக்கு முன் ஒரு பரிசோதனை கேட்க வேண்டும்: ஒரே செய்தியை இரண்டு தடவை அனுப்பிக் காட்டுங்கள், குறுஞ்செய்திப் பகுதியை நிறுத்திவிட்டு ஒரு பதிவு செய்து காட்டுங்கள்.

இங்ஙனம்,
மென்பொருள் துறையினர் சிலர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.