தொடக்கப்பள்ளி ஆசிரியர் கணித மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூன் முதல் 2025 மே வரை மன்றம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கையும் செயற்குழுக் கூட்டங்களும் தணிக்கையும் விதிப்படி நடந்துள்ளன. பதிவேடுகள் மேசைமேல் இருக்கின்றன, யாரும் புரட்டிப் பார்க்கலாம். மீதி நேரத்தை மாதாந்திரப் பயிலரங்குகளில் செய்து காட்டப்பட்டவற்றுக்கே ஒதுக்குகிறேன். வராத ஆசிரியர்களும் நாளைக்கே வகுப்பில் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காக அளவுகளோடு எழுதியிருக்கிறேன்.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, மறு ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதால், ஒரே அறையில் ஒரு குழு எண்ணப் பழகும், பக்கத்துக் குழு இரண்டிலக்கக் கழித்தலில் இருக்கும். ஒவ்வொரு குழுவின் கையிலும் பொருள் இருந்தால்தான் இது நடக்கும். பொருளைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. அதைக் கையிலிருந்து எப்போது, எப்படி விலக்குவது என்பதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். இந்த ஆண்டுப் பயிலரங்குகள் எல்லாமே அந்த இடத்தைக் கவனித்தே அமைந்தன.

குச்சிக் கட்டு

அதிக நேரம் எடுத்துக்கொண்டது இதுதான், எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதுதான். நான்கு பிள்ளைகள் கொண்ட ஒரு குழுவுக்கு 120 ஈர்க்குச்சி, 12 ரப்பர் பேண்ட், நடுவில் கோடு போட்ட ஒரு சார்ட் தாள் வேண்டும். குச்சி 10 செ.மீ. நீளம் இருக்கட்டும். அதைவிடக் குட்டையானால் கட்டு நழுவிவிடும். கூர்முனையைக் கத்தரித்துவிடுங்கள். தாளில் இடப்பக்கம் பத்துகள், வலப்பக்கம் ஒன்றுகள். குழுவைச் சுற்றி உட்கார வைத்தால் எதிரே இருக்கும் பிள்ளைக்கு இடமும் வலமும் மாறித் தெரியும், 34ஐ 43 என்று எழுதும். எல்லாரும் தாளுக்கு ஒரே பக்கம் உட்கார வேண்டும்.

கட்டைப் பிள்ளைகளே எண்ணிக் கட்ட வேண்டும். நாம் கட்டிக் கொடுத்தால் குழந்தைக்கு அது ஒரு பொருள்தான், பத்தாகத் தெரியாது. 3 கட்டும் 4 குச்சியும் வைத்து மொத்தம் எத்தனை என்று கேட்டால் 7 என்ற பதில் வருவது இதனால்தான். திருத்திச் சொல்ல வேண்டாம். ஒரு கட்டை அவிழ்த்து எண்ணி, மறுபடி கட்டச் சொன்னால் போதும்.

கழித்தலில் 52 – 27ஐ எடுத்துக்கொள்வோம். தாளில் 52 மட்டும் வைக்க வேண்டும். 27ஐயும் குச்சியாக வைத்தால் பிள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணிவிடும். எடுக்க வேண்டிய 27 ஒரு அட்டையில் எண்ணாக மட்டும் இருக்கட்டும். ஒன்றுகளில் 2தான் இருக்கிறது, 7 எடுக்க முடியாது. ஒரு கட்டை அவிழ்த்து ஒன்றுகள் பக்கம் கொட்டினால் 12. அதில் 7 போக 5. மீதமுள்ள 4 கட்டில் 2 போக 2. விடை 25. இதே கணக்குக்கு நோட்டில் 35 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்று ஒன்றாம் வகுப்பில் சொன்னதை நம்பி எழுதிய அந்த விடையில் பிள்ளையின் கவனக்குறைவு எதுவும் இல்லை. 5இலிருந்து 2 போக 3, 7இலிருந்து 2 போக 5 என்று நாம் சொன்னபடியே செய்திருக்கிறது. அந்த வாசகத்தையே வகுப்பறையிலிருந்து எடுத்துவிடலாம் என்பது மன்றத்தின் உறுதியான கருத்து.

குச்சிக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு படி உண்டு. கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, தனிக் குச்சிக்கு ஒரு புள்ளி என்று வரையச் சொல்வது அது. கட்டை அவிழ்ப்பதை, கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்த வகுப்புகளில், குச்சியில் சரியாகச் செய்யும் பிள்ளையே நோட்டில் தப்பாகச் செய்கிறது. 10 ரூபாய்த் தாளும் 1 ரூபாய் நாணயமும் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். கட்டுக்குள் பத்துக் குச்சி கண்ணுக்குத் தெரியும், தாளுக்குள் பத்து நாணயம் தெரியாது.

நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவோருக்கு அடுக்கு அட்டை உதவும். ஒன்றுகள் அட்டை 5 செ.மீ., பத்துகள் 10 செ.மீ., நூறுகள் 15 செ.மீ. அகலம். 100 அட்டையின் மேல் 5 அட்டையை வலது ஓரம் ஒட்டி வைத்தால் 105 தெரியும், தூக்கினால் அடியில் பூச்சியம் இருக்கும். அகலம் சரியாக இல்லாவிட்டால் இந்த அட்டையால் பயனே இல்லை, அளவுகோல் வைத்தே வெட்டுங்கள்.

கோடை விடுமுறையில் ரப்பர் பேண்டுகள் இற்றுக் குச்சியோடு ஒட்டிக்கொள்கின்றன. ஏப்ரலில் கழற்றி வையுங்கள், அல்லது பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

எண்கோடு

தரையில் 30 செ.மீ. இடைவெளியில் 0 முதல் 20 வரை சுண்ணக்கட்டியால் எழுத 6 மீட்டர் நீளம் தேவை. வராந்தா போதும். 5 + 3க்கு 5இல் நிற்கும் பிள்ளை, நிற்கும் இடத்தையே ‘ஒன்று’ என்று எண்ணி 7இல் போய் நிற்கும். எண்களை எண்ணாமல் தாவல்களை எண்ணச் சொல்லுங்கள்: கால் தரையைத் தொட்டால்தான் ‘ஒன்று’. பிறகு அளவுகோலில் 1இலிருந்து அளக்கும் தப்பும் இதே தப்புதான், ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்தும்.

பல்லாங்குழி

14 குழிக்கு 5 வீதம் 70 காய் என்பது பலரும் ஆடும் முறை. பலகை இல்லாத பள்ளிகளுக்கு முட்டை அட்டை இருக்கிறது. 30 குழி அட்டையில் 6 குழி கொண்ட இரண்டு வரிசையை வெட்டினால் 12 குழி, 60 காய். முழு ஆட்டம் ஒரு பாடவேளைக்குள் முடியாது. ஒரு சுற்றோடு நிறுத்தி, கையில் சேர்ந்த காய்களைப் பத்துப் பத்தாக வரிசையில் வைக்கச் சொல்லுங்கள். குழிகளில் மிஞ்சியதையும் எண்ணி எல்லாவற்றையும் கூட்டினால் 60 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கே போயிற்று என்று பிள்ளைகளே தேடுவார்கள், அந்தத் தேடல்தான் பாடம். காயை எடுக்கும் முன் ‘எந்தக் குழியில் முடியும்?’ என்று எதிராளி சொல்ல வேண்டும் என்ற விதியையும் சேர்த்தோம்.

காய் பற்றி ஒரு எச்சரிக்கை. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை வகுப்பறைக்குள் கொண்டுவரவே கூடாது. அந்த விதையில் கொடிய நஞ்சு உண்டு, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பான மஞ்சாடி வேறு. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் அளவு அதற்கு. 1, 2 வகுப்புகளில் புளியங்கொட்டை ஆனாலும் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும், முடிந்ததும் எண்ணி வாங்க வேண்டும்.

புள்ளி அட்டையும் கோலமும்

2 செ.மீ. இடைவெளியில் பத்துக்குப் பத்து புள்ளி வைத்த ஒரு தாள், அதன்மேல் நகர்த்த ‘ட’ போல இரு பக்கம் கொண்ட ஒரு மூடு அட்டை. 7 × 8க்கு 7 வரிசையில் எட்டெட்டுப் புள்ளி தெரியும்படி மூடிவிட்டு, ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு பென்சிலை வைத்தால் 40, மிச்சம் 16, ஆக 56. வாய்ப்பாடு ஒப்பிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் ஏழெட்டு மறந்துபோனால் ஓரேழிலிருந்து பாடி வரும் பிள்ளைக்கு, இடையில் நுழைய ஒரு வாசல் வேண்டும்.

மார்கழிக் கூட்டத்தில் 4, 5 வகுப்புகளுக்கு ஊடுபுள்ளிக் கோலத்தை எடுத்தோம். 7 புள்ளி, 4 வரை. மொத்தப் புள்ளி எத்தனை? வரிசையாகக் கூட்டினால் 4 + 5 + 6 + 7 + 6 + 5 + 4 = 37. நடுப்புள்ளியிலிருந்து வளையம் வளையமாக எண்ணினால் 1 + 6 + 12 + 18, அதுவும் 37. அடுத்த வளையத்துக்கு 24 புள்ளி என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள், சொல்லும்வரை காத்திருங்கள்.

பின்னம்

வட்டத்தை விட்டுவிட்டுக் காகிதப் பட்டையில் தொடங்குங்கள். 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியின்றிப் பிரியும். மூன்றாக மடிப்பது கைக்கு வராது, 8 செ.மீ.க்கு ஒரு குறி போட்டுக் கொடுங்கள். 3ஐவிட 4 பெரிது, ஆகவே 1/3ஐவிட 1/4 பெரிது என்ற எண்ணம் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் மறைகிறது. ஐந்தில் ஒன்றுக்கு 20 செ.மீ. பட்டை எடுக்கலாம், ஆனால் 24 செ.மீ. பட்டையோடு கலந்து ஒப்பிட விடாதீர்கள். முழுமை வேறானால் ஒப்பீடே பொய்த்துவிடும்.

டிசம்பர் 22 தேசியக் கணித நாளில் பேச்சுப்போட்டிக்குப் பதிலாக மாயச்சதுரம் கொடுத்தோம். முதல் வரிசையில் இராமானுஜனின் பிறந்த நாளான 22, 12, 18, 87 வரும் சதுரத்தில் ஒவ்வொரு வரிசையின் கூட்டலும் 139. ஐந்தாம் வகுப்புக்கு வரிசைக்கு ஒரு கட்டம் மட்டும் காலியாக விட்டால் போதும், கூடுதலாக விட்டால் ஊகத்தில் இறங்கிவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு 1 முதல் 9 வரை கொண்ட, கூட்டல் 15 வரும் சதுரம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: உறுப்பினர் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஐந்து குழுக்களுக்கான 600 ஈர்க்குச்சி, 60 டியூப் வளையம், ஐந்து புள்ளித் தாள், ஒரு செட் அடுக்கு அட்டை கொண்ட பெட்டி, ஜூலையில் அளத்தல் குறித்தும் ஆகஸ்டில் வகுத்தல் குறித்தும் பயிலரங்கு, பெற்றோருக்குப் பல்லாங்குழிக் கூட்டம் ஒன்று. பெட்டிக்கான செலவைப் பொருளாளர் அறிக்கையில் காணலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்