குளிரை விரும்பும் பாசிகள்

திரோம்சோ, நார்வே, டிசம்பர்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ சுவரைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தேதி குறித்ததும் எழுது. இங்கே எல்லோரும் நலம். சூரியன் தலைகாட்டாத மாதம் என்பதால் பகலிலும் விளக்கு எரிகிறது.

அப்புறம், பனிக்கட்டி மாதிரியான தண்ணீரில் பாசி எப்படி வளரும் என்று கேட்டிருந்தாய். சில பாசிகளுக்கு அந்தக் குளிர்தான் வேண்டும் மணி. ஹைட்ரூரஸ் என்று ஒன்று உண்டு. பனி உருகி வரும் ஓடைகளில் கல்லைப் பிடித்துக்கொண்டு, பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று கொத்துக் கொத்தாக ஆடும். கையில் எடுத்தால் நாறும். தண்ணீரின் வெப்பம் 10, 12 டிகிரியைத் தாண்டிவிட்டால் கல்லில் அதன் சுவடே இருக்காது. நம் ஊரில் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே அதற்கு இடமே இல்லை!

ஆனால் வெப்பம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதே. பனிக்கட்டி எப்போது உடைகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மூடியிருக்கும் வரை அடியில் வெளிச்சம் குறைவு. வசந்தத்தில் உருகும் வெள்ளம் கற்களை உரசித் துடைத்துவிட்டுப் போகும். அந்த வெற்றுக் கல்லில் முதலில் சிறிய டயட்டம்கள் (கண்ணாடி போன்ற ஓடுள்ள ஒற்றைச் செல் பாசிகள்) ஒட்டும், பிறகு தண்டுள்ளவை, பிறகு இழைப்பாசிகள். இந்த வரிசையால்தான் ஒரே ஆற்றில் இத்தனை வகைகளுக்கு இடம் கிடைக்கிறது. வெள்ளம் சீக்கிரம் வந்தாலோ, வலுவிழந்தாலோ வரிசை கலைந்துவிடும். ஆர்க்டிக் 1979-லிருந்து உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகி வருகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அலாஸ்காவின் குப்பாருக் ஆறுதான். 1983-ல் தொடங்கி, ஆய்வாளர்கள் கோடைதோறும் அதில் கொஞ்சம் பாஸ்பரஸ் சத்து கலந்து பார்த்தார்கள். லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம்தான். முதல் சில ஆண்டுகளில் டயட்டம்கள் தடித்தன, மீன்களும் நன்றாக வளர்ந்தன. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழித்து, நாம் பிரையோபைட்டா வகுப்பில் பார்த்தோமே, மாஸ் என்ற வேரில்லாத சின்னஞ்சிறு செடி, அந்த வகை வந்து ஆற்றின் அடியையே போர்த்திவிட்டது. ஓரிரு ஆண்டுகளில் சோதனையை முடித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண் உருகும்போது அடைபட்டிருந்த சத்துகள் ஆற்றுக்கு வரக்கூடும் என்பதால் இது வெறும் ஆய்வக விஷயம் இல்லை.

இதற்கு நேர்மாறாக நடப்பது டிடிமோ. 1819-லேயே ஃபாரோ தீவுகளிலிருந்து விவரிக்கப்பட்ட டயட்டம் அது. பாஸ்பரஸ் மிகக் குறைந்து, வெளிச்சம் நிறைய இருந்தால் செல் பிரிவது தடைப்படும். ஒளியில் தயாரான கார்பன் தண்டாக நீள, கம்பளி போலக் கல்லை மூடிவிடும். ஆக, சத்து கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஆறு பச்சையாக, செழிப்பாகத் தெரிகிறதே என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை. ஒன்றிரண்டு வகைகள் பெருகி மற்றவை மறைந்த பிறகும் ஆறு அப்படித்தான் தெரியும். ஹைட்ரூரஸுக்கு இன்னும் வடக்கே போக ஓடையும் அதிகம் மிச்சமில்லை, அப்புறம் கடல்தான்.

சரி, கல்யாணம் முடிந்ததும் நீங்கள் இருவரும் இங்கே வருவதாக எழுதியிருந்தாய். ஜூலையில் வேண்டாம், மே கடைசியில் வாருங்கள். அப்போதுதான் ஹைட்ரூரஸைக் கல்லோடு உனக்குக் காட்ட முடியும். ஓடைக்கரை வழுக்கும், அதற்குள் மூட்டு நன்றாகத் தேறட்டும்.

அன்புடன்,
ரவி