அந்தக் குதிரையை இப்போதே அனுப்பிவிடாதே

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சுப்பையா,

இங்கு நலம். ஈப்போவில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். படியேறத்தான் சிரமமாக இருக்கிறது. மற்றபடி வாரத்தில் மூன்று நாள் காலையில் புக்கிட் தீமா பக்கம் உள்ள ஒரு சவாரிப் பள்ளிக்குப் போய், லாயத்து வேலைகளில் கைகொடுத்துவிட்டு வருகிறேன்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம்தான் இரண்டு நாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. இங்கே கிராஞ்சி பந்தயத் திடலில் பந்தயம் நின்ற பிறகு உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த குதிரையை உன் மகள் ஆசையாக வாங்கியதையும், இப்போது அது ஏறி உட்கார்வதற்குள் நகர்ந்துவிடுகிறது, இழுத்துப் பிடித்தால் இன்னும் வேகமாக ஓடுகிறது, சேணத்தின் வயிற்று வார் கட்டப் போனால் கடிக்க வருகிறது, லாயக் கதவைக் கவ்விக்கொண்டே நிற்கிறது என்று வீட்டில் எல்லாரும் அஞ்சுவதையும் எழுதியிருந்தாய். கெட்ட குணம் பிடித்த குதிரை, யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று முடித்திருந்தாய். கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படி. மகளுக்கும் படிக்கக் கொடு.

குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். என் அப்பாவுக்கு அந்தப் பழமொழி அறவே பிடிக்காது. புக்கிட் தீமா பந்தயத் திடலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பாளராக, இருந்தவர் அவர் என்பது உனக்குத் தெரியும்; பள்ளி விட்டதும் நாம் இருவரும் அந்த லாயங்களில் சுற்றித் திரிந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். புதிதாக வந்த குதிரை உதைத்தாலும் கடித்தாலும், அதன் குணத்தைப் பற்றி அவர் பேசவே மாட்டார். எங்கிருந்து வந்தது, யார் வைத்திருந்தார்கள், என்ன தின்றது என்றுதான் கேட்பார். அந்த மூன்று கேள்விகளைத்தான் உன் மகளின் குதிரையைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிங்கப்பூரில் பந்தயக் குதிரைகளை இனப்பெருக்கம் செய்து வளர்க்கும் தொழில் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பிறந்து இங்கே வந்து இறங்கியவைதாம் பெரும்பாலானவை. மேய்ச்சல் நிலத்தில் தாயோடு விட்டால் குட்டி ஏறத்தாழ ஒரு வயது நெருங்கும்வரை பால் குடிக்கும். பண்ணையிலோ ஐந்து, ஆறு மாதத்தில் ஒரே நாளில் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். எலும்பு முழுதாக முற்றாத இரண்டு வயதில் ஓட்டப் பயிற்சி தொடங்குகிறது. அதன் பிறகு நாளின் பெரும்பகுதி நான்கு சுவருக்குள் கழிகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் வெளியே. இப்படி ஆறேழு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு குதிரைதான் உன் மகளிடம் வந்திருக்கிறது.

அது ஓடுவதைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. சவாரிப் பள்ளிக் குதிரைக்குக் கடிவாளத்தை இழுத்தால் நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறோம். பந்தயக் குதிரை கற்ற பாடம் வேறு. ஜாக்கி கடிவாள வாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். குதிரை தன் வாயிலுள்ள இரும்பின்மேல் சாய்ந்து, அந்தப் பிடியையே ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு பாயும். ஓட்டம் முடிந்து ஜாக்கி வாரைத் தளர்த்தும்போதுதான் அது வேகத்தைக் குறைக்கும். ஆகவே உன் மகள் பயந்துபோய்ப் பலங்கொண்ட மட்டும் இழுக்கும்போது, அந்தக் குதிரைக்கு ‘ஓடு’ என்ற கட்டளையைத்தான் கொடுக்கிறாள், அதுவும் கீழ்ப்படிகிறது. ஏறுவதற்குள் நகர்வதும் அப்படித்தான். நடந்துகொண்டிருக்கும் குதிரையின்மேலேயே ஜாக்கியைக் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவது பந்தய லாயத்து வழக்கம். அசையாமல் நில் என்று அதனிடம் யாரும் கேட்டதே இல்லை. இதைக் கீழ்ப்படியாமை என்று சொல்லி அடித்தால், கற்றதைச் சரியாகச் செய்ததற்காக அடி வாங்குகிறோம் என்பதுகூட அதற்கு விளங்காது.

அடுத்தது கதவைக் கவ்வுவது. எங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு பழைய பந்தயக் குதிரை இருக்கிறது. காலை ஏழு மணிக்கு நான் போகும்போது தீனித் தொட்டி காலியாக இருக்கும். அது மேல் பற்களைக் கதவின் விளிம்பில் பதித்து, கழுத்தை வளைத்து, தொண்டைத் தசைகள் புடைக்கக் காற்றை இழுக்கும். ஏப்பம் போன்ற ஒரு முனகல் கேட்கும். விட்டுவிட்டு மறுபடி கவ்வும். கதவின் மரம் அந்த இடத்தில் மட்டும் அரை நிலா வடிவில் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. முன்பு ஒரு பராமரிப்பாளர் அதன் கழுத்தில் இறுக்கமான பட்டை மாட்டி அதைத் தடுக்கப் பார்த்தார். கவ்வுவது நின்றது, குதிரையின் தவிப்பு நிற்கவில்லை. பட்டையைக் கழற்றிய அன்று முன்னைவிட அதிகமாகக் கவ்வியது.

குதிரையின் வயிற்றை அறிந்தால் இது புரியும். காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் அது நாளுக்குப் பதினாறு மணி நேரம் அளவுக்கு மேயும். அதன் இரைப்பை உடம்புக்குச் சிறியது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் சுரக்கும். நாளைக்கு இரண்டு மூன்று வேளை ஓட்ஸும் தானியமும் வைத்து, இடையே உலர்புல் இல்லாமல் நிறுத்திவைத்தால் வயிறு வெந்துபோகும். பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். 2002இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வு 225 குட்டிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பால் மறந்த பிறகு தானியத் தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளிடம் இந்தக் கவ்வும் பழக்கம் நான்கு மடங்கு வேகத்தில் தோன்றியது. அதாவது, உன் மகள் அதைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கடல் கடந்த ஏதோ ஒரு பண்ணையில் அந்தப் பழக்கத்துக்கு விதை போட்டாகிவிட்டது. இனி அது முழுதாகப் போகாமலும் இருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் வாய்க்கு எட்டும்படி உலர்புல் தொங்கவிட்டால் குறையும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்குப் பத்துக் கிலோ அளவுக்கு வேண்டும். இங்கே உலர்புல் இறக்குமதிச் சரக்கு, விலை கையைக் கடிக்கும். உங்கள் பக்கம் நிலம் இருக்கிறதே, பச்சைப் புல்லில் விட வழியிருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

இங்கே ஒன்று நினைவுக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அங்கே பெரும் விலைக்கு வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை மாண்டுபோவதையும் குறித்து வைத்திருக்கிறார். கடல் தாண்டி வந்த உயிரை அது வந்த இடத்தை எண்ணிப் பாராமல் வைத்திருப்பது நம்மிடம் இன்று தொடங்கியது இல்லை என்று அதைப் படித்தபோது வருந்தினேன்.

வெயிலையும் மறந்துவிடாதே. குளிர்நாட்டிலிருந்து நம் பக்கம் வரும் குதிரைகளில் சிலவற்றுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுவிடும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதை அறிந்து ‘டிரை கோட்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட குதிரை வேலைக்குத் தயங்கும், பாதியில் நின்றுவிடும், மூச்சு இரைக்கும். பார்ப்பவர்கள் சோம்பேறி என்பார்கள். அப்பா சவாரி முடிந்து வரும் ஒவ்வொரு குதிரைக்கும் கழுத்தின் பக்கத்திலும் விலாவிலும் கையை வைத்துப் பார்ப்பார். கை ஈரமானால் ஒன்றும் சொல்ல மாட்டார். உலர்ந்திருந்தால் உடனே தண்ணீர் ஊற்றி, நிழலில் காற்றுப்பட நிறுத்தச் சொல்வார். உன் மகளும் அப்படித் தொட்டுப் பார்க்கட்டும்.

வார் கட்டும்போது கடிக்க வருகிறது என்றாயே, அதில் எனக்கு ஒரு வலியான அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் பகுதிநேரமாக உதவிய ஓர் இடத்தில், பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்று இதையே செய்தது. பல்லைக் காட்டும், வாலை வீசும், ஒரு முறை என் தோளைக் கவ்வியே விட்டது. வாயில் கட்டுப் போட்டுச் சேணம் ஏற்றினோம். நானும் அதற்கு உடந்தை. ஆறு மாதம் கழித்து வந்த கால்நடை மருத்துவர் ஒருவர், சேணம் ஏதும் இல்லாமல் அதன் முதுகில் இரண்டு விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனார். தோளெலும்புக்குப் பின்னே ஓர் இடத்தில் விரல் பட்டதும் காதுகள் பின்னால் படிந்தன. குளத்தில் கல் விழுந்தாற்போல் தோல் முழுவதும் நடுங்கியது. முதுகு கீழே தாழ்ந்தது. சேணத்தின் உள்சட்டம் அந்த இடத்தில்தான் குத்திக்கொண்டிருந்தது. வேறு சேணம் வந்து, ஓய்வும் கொடுத்து, சில வாரங்களில் அது கடிப்பதை விட்டுவிட்டது. அந்த ஆறு மாதமும் அது எங்களிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆகையால் முதுகு, பல், லாடம், வயிறு நான்கையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே மற்றதைப் பேசுங்கள்.

அது தனியாக இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. குதிரை கூட்டத்தில் வாழும் உயிர். நின்றபடியே கண்ணயரும் என்றாலும் ஆழ்ந்து உறங்க அது படுத்தாக வேண்டும்; காவலுக்கு இன்னொரு குதிரை இல்லாத இடத்தில் படுக்க அஞ்சும். போதிய உறக்கமில்லாத குதிரை சிறு சத்தத்துக்கும் மிரளும். பக்கத்தில் இன்னொரு குதிரையோ மட்டக்குதிரையோ இருந்து, கம்பி இடைவெளியில் மூக்கோடு மூக்கு வைக்க முடிந்தாலே போதும்.

உன் மகளின் பயமும் இதில் சேர்ந்திருக்கிறது. சுவீடனில் 2009இல் ஒரு சோதனை செய்தார்கள். குதிரையைப் பிடித்து நடப்பவர்களிடம், இந்த முறை கடக்கும்போது குடை ஒன்று திடீரென விரியும் என்று சொன்னார்கள். குடை விரியவே இல்லை; ஆனால் நடந்தவரின் இதயத் துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது. ஆகவே கொஞ்ச நாளைக்கு ஏறவே வேண்டாம். பக்கத்தில் நின்று தேய்த்துவிடட்டும், கயிற்றைப் பிடித்து நடக்கட்டும், நின்றால் பிடியைத் தளர்த்திப் பாராட்டட்டும்.

பிறவிக் குணமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. வேகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம் அது. மட்டக்குதிரையின் நிதானத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஒரே பண்ணையில் வளர்ந்த இரண்டில் ஒன்று துணிச்சலாகவும் மற்றொன்று அச்சத்தோடும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எல்லாம் செய்தும் அது உன் மகளுக்கு ஏற்ற குதிரை இல்லை என்று தெரியவரலாம். அப்போது அதை அறிந்தவர் கையில் கொடுப்பது நியாயம். இன்றைய நிலையில் கொடுத்தால், கெட்ட குதிரை என்ற பெயரோடுதான் போகும். அந்தப் பெயரோடு போகும் குதிரைக்கு நல்ல இடம் கிடைப்பதில்லை.

கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்த கடைசிப் பந்தயத்துக்கு நான் போயிருந்தேன். 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் ஓட்டம் அன்றோடு நின்றது. கூட்டம் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குதிரைகளை நடத்திக்கொண்டு போனவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் பார்த்தவற்றில் ஒன்றுதான் உன் வீட்டில் நிற்கிறதோ என்னவோ.

மகளிடம் மூன்று செய்திகளைக் கேட்டு எழுது: இரவில் அது படுக்கிறதா, காலையில் உடம்பிலோ வாலிலோ வைக்கோல் ஒட்டியிருக்கிறதா; தொட்டி எத்தனை மணி நேரம் காலியாக இருக்கிறது; முதுகில் சேணம் படும் இடத்தில் வெள்ளை முடி முளைத்திருக்கிறதா. பள்ளி விடுமுறைக்குள் கால் சற்றுத் தேறினால் பேருந்து ஏறி வருகிறேன். அதுவரை அந்தக் குதிரை அங்கேயே இருக்கட்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
முத்து