ஏ.சி. காஸ் தீர்ந்துபோகிற சாமான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் இரண்டு மாதமாக ஒரு வட்ஸ்அப் தகவல் வீடு வீடாகப் போய் வருகிறது. "அமெரிக்காவில் 410 காஸ் தடை. இங்கேயும் நிற்பாட்டப் போகிறார்கள். ஏ.சி. வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றிவிடுங்கள்." நியூ ஜேர்சியில் இருக்கும் யாரோ ஒருவரின் மருமகன் அனுப்பியதாம். நான் முப்பத்தொரு வருடம் குளிர்சாதனத் திருத்த வேலை பார்த்து ஓய்வெடுத்தவன். அதனால் மாடிப்படியில் ஏறி இறங்கும் போதெல்லாம் மறித்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது. ஆகவே உங்கள் பத்திரிகையில் கொஞ்சம் இடம் கேட்கிறேன்.

அமெரிக்காவில் விதி வந்தது உண்மைதான். 2025 ஜனவரி 1 முதல் அங்கே, உள்ளே சுற்றிக் குளிரைத் தரும் காஸ்களில் ஒன்றான ஆர் 410ஏ இல் ஓடும் வீட்டு ஏ.சி.களைப் புதிதாகச் செய்யவோ இறக்குமதி செய்யவோ முடியாது. ஆனால் சுவரில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் மெஷினை ஓட்டலாம், திருத்தலாம், அதற்குரிய காஸையும் அடிக்கலாம். வட்ஸ்அப்பில் இந்தப் பாதி மட்டும் விடுபட்டுப் போயிற்று.

நம் நாட்டைக் கட்டுப்படுத்துவது ஓசோன் படலத்தைக் காக்க உலக நாடுகள் செய்துகொண்ட மொன்றியல் உடன்படிக்கையும், 2016 ஒக்டோபரில் கிகாலியில் அதற்குச் செய்த திருத்தமும்தான். அந்தத் திருத்தத்தை இலங்கை 2018 இலேயே ஏற்றுக்கொண்டது. அதன்படி நம்மைப் போன்ற நாடுகள் பூமியைச் சூடாக்கும் 410ஏ வகைக் காஸ்களின் பாவனையை 2024 இல் ஒரு குறித்த அளவுக்கு மேல் போகாமல் நிறுத்தி, அந்த அளவிலிருந்து 2029 இல் 10 வீதம், 2035 இல் 30 வீதம், 2040 இல் 50 வீதம், 2045 இல் 80 வீதம் என்று படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாளைக்குக் காலையில் கடையில் காஸ் இல்லாமல் போய்விடாது. வருடம் போகப் போக வரவு சுருங்கும், விலை ஏறும்.

ஆர் 22 என்ற காஸில் ஓடும் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் நிலைமைதான் வேறு. அது ஓசோன் படலத்தை அரிக்கும் காஸ். வளர்முக நாடுகளில் 2025 ஆம் ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டி, 2030 இல் முடித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்குப் பிறகு 2040 வரை திருத்த வேலைக்கென்று மிகச் சொற்பம்தான். அப்படிப்பட்ட மெஷினின் கொம்பிரசர் போய்விட்டால் அதில் காசு போடாதீர்கள்.

இனி, நான் எழுத வந்த கதை. நாலாம் மாடியில் கடல் பக்கமாக இருக்கும் அக்கா ஒருவரின் ஏ.சி. குளிரவில்லை. விளம்பரத்தில் பார்த்து ஒருவரை அழைத்திருக்கிறார். வந்தவர் அளவுமானியை மாட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மெஷினுக்கு இனிக் காஸ் வராதம்மா. இப்ப அடிச்சாலும் வாற வருசம் தூக்கி எறியத்தான் வேணும்" என்று சொல்லி, புது மெஷினுக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவுக்கு விலை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு முந்திய இரண்டு வருடமும் வேறு வேறு ஆட்கள் வந்து, "காஸ் தீர்ந்துபோச்சு" என்று அடித்துவிட்டுப் போனார்களாம். "தம்பி, ஒருக்கா மேல வந்து பாக்கிறீங்களே?" என்றார்.

வெளியே பல்கனியில் இருக்கும் பெட்டியைப் பார்த்தேன். மரைன் டிரைவ் உப்புக்காற்றில் அலுமினியத் தகடுகள் கை பட்டால் உதிர்கின்றன. செப்புக் குழாய் வந்து பூட்டும் பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதில் தூசி அப்பிக் கறுத்துப்போய் இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் தடவினேன். சற்று நேரத்தில் மீன் குஞ்சின் கண் அளவில் ஒரு குமிழி, அது உடைய இன்னொன்று. அந்த ஒரு நட்டுக்குத்தான் மூன்று வருடமும் செலவு செய்திருக்கிறார்.

ஏ.சி.க்குள் காஸ் மூடிய குழாயில் சுற்றிக்கொண்டே இருக்கும். கார் பெற்றோலைக் குடிப்பது போல ஏ.சி. காஸைக் குடிப்பதில்லை. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் "வருடா வருடம் காஸ் அடிக்க வேண்டும்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முறையான வேலையென்றால் மிச்சக் காஸைச் சிலிண்டரில் பிடித்து, ஓட்டையைத் திருத்தி, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பொறுத்துப் பார்த்து, வெற்றிடப் பம்பைப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, கடைசியில் தராசில் நிறுத்து அடிக்க வேண்டும். எவ்வளவு அடிப்பது என்பது வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கும். அக்காவின் மெஷினில் ஆர் 410ஏ, 0.98 கிலோ என்று போட்டிருந்தது.

அந்த 980 கிராமும் காற்றில் கலந்தால் ஏறக்குறைய இரண்டு தொன் கரியமில வாயு விட்டதற்குச் சமம். 410ஏ கரியமில வாயுவை விட 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 880 லீற்றர் பெற்றோலை எரித்தது போல. பழைய மெஷினை இரும்புக்காரருக்கு விற்கும்போது அவர் குழாயைக் கடித்து வெட்டும் 'புஸ்' சத்தத்தில் போவது இதுதான். என் தொழில் காலத்தில் நானும் எத்தனையோ மெஷினை அப்படித் திறந்து விட்டிருக்கிறேன், மறைப்பதற்கில்லை. அன்றைக்கு எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

புதிதாக வாங்குபவர்கள் ஆர் 32 காஸில் ஓடுவதைப் பார்த்து வாங்குங்கள். மேலே 2,088 மடங்கு என்ற வெப்பக் கணக்கு இதற்கு 675 மடங்குதான். ஆனால் மெதுவாகத் தீப்பிடிக்கக்கூடிய வகை. ஒழுங்காகப் பூட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, அரைகுறைக் கையில் கொடுக்கக் கூடாது. ஆர் 290 என்று எழுதியிருந்தால் அது புரொப்பேன், நம் அடுப்புக் காஸில் கலந்திருக்கும் அதே சாமான். அதற்கென்றே செய்த மெஷினில் சிறிய அளவில் இருப்பது சரி. ஆர் 22 கிடைக்கவில்லை என்று பழைய மெஷினில் அதை ஏற்றுவதுதான் ஆபத்து. வெளிநாடுகளில் 22ஏ என்று பெயர் வைத்து இதையே விற்றிருக்கிறார்கள். 2021 கடைசியில் நம் வீடுகளில் அடுப்புகள் வெடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். படுக்கையறைச் சுவரில் அப்படியொரு பரீட்சை வேண்டாம். 22 மெஷினில் 410ஏ அடிக்கவும் விடாதீர்கள். அதன் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், உள்ளே இருக்கும் எண்ணெயும் ஒத்துவராது.

இன்னொன்று. கடைகளில் 410ஏ மெஷின்களை மலிவு விலையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பத்து வருடம் ஓடும் சாமான் என்பதை நினைத்து விலையைப் பாருங்கள்.

சுற்றாடல் அமைச்சின் கீழுள்ள தேசிய ஓசோன் அலகுக்கு உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு வேண்டுகோள். ஏ.சி. விற்கும் ஒவ்வொரு கடையிலும் இந்த விடயங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதித் தொங்கவிடச் செய்யுங்கள். காஸ் அடித்தவர் எந்தக் காஸ், எத்தனை கிராம், எந்தத் திகதி என்று வெளிப்பெட்டியில் எழுதி ஒட்டிவிட்டுப் போவதையும் கட்டாயமாக்கினால், அடுத்து வருபவர் கதை விட முடியாது.

அக்காவின் மெஷினுக்குக் குழாய் நுனியைப் புதிதாக விரித்து, நட்டையும் மாற்றி, நிறுத்துக் காஸ் அடித்ததற்கு இருபத்திரண்டாயிரம் ரூபா முடிந்தது. வேலையைச் செய்தது என்னிடம் தொழில் பழகிய பையன். நான் கதிரையில் இருந்து தராசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குளிர்சாதனத் திருத்துநர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06