32 பல் கேசட்டுக்கு எந்த கேஜ்?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்ததில் மனம் நிறைந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து உன் சைக்கிளின் 11-28 கேசட்டை (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு; எண்கள் அதன் சிறிய, பெரிய பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கை) 11-32 ஆக மாற்றுவது நல்ல முடிவு. ஆனால் கேசட்டை மட்டும் வாங்கிவிடாதே. உன் ஷிமானோ 105 ஆர்7000 டீரெய்லர், அதாவது பின்னால் கியர் மாற்றும் கருவி, குட்டை கேஜ் (செயினை இழுத்துப் பிடிக்கும் அதன் கை) கொண்ட எஸ்எஸ் வகை.

கணக்குப் போட்டுப் பார். முன்னால் பெடல் பக்கத்துப் பல்சக்கரங்கள் 50-34, வித்தியாசம் 16. பின்னால் 32-11, வித்தியாசம் 21. கூட்டினால் 37. எஸ்எஸ் தாங்கும் மொத்த வித்தியாசம் 35. பின்னால் பெரிய பல்சக்கரமும் 30 பல் வரைதான். பழைய கேசட்டுக்கு 33 வந்ததால் இத்தனை நாள் ஓடியது. அதைவிட நீண்ட கேஜ் கொண்ட ஜிஎஸ் வாங்கு: 39 தாங்கும், 34 பல் வரை ஏறும்.

பல் எண்ணிக்கையை ஏன் கூட்டுகிறோம் என்று கேட்டிருந்தாய். செயின் ஒவ்வொரு பல்சக்கரத்திலும் ஏறக்குறைய பாதிச் சுற்றைத்தான் பிடிக்கிறது. 37-இல் பாதி பதினெட்டரை, பல்லுக்கு 12.7 மி.மீ. 50-32 இல் (முன்னால் 50, பின்னால் 32 பல்) சுற்றிக்கிடந்த செயினில் சுமார் 23 செ.மீ. 34-11 க்கு வந்ததும் மிச்சமாகிறது. அதை இழுத்துப் பிடிப்பதுதான் கேஜின் வேலை. முடியாவிட்டால் கீழ்ச்செயின் தொய்ந்து தட்டும்.

கேஜ் நீண்டால் எந்தப் பெரிய பல்லும் ஏறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தவறு. முன்னால் ஒற்றை 40, பின்னால் 11-42 என்று வை. கணக்கு 31 தான் வரும். 39 தாங்கும் ஜிஎஸ் தாராளமாகப் போதும் போலத் தெரியும், ஆனால் மேல் ஜாக்கி வீல் (கேஜில் செயினைத் தாங்கும் சின்னப் பல்சக்கரம்) 42 பல்லில் முட்டும். மொத்த வித்தியாசம், பெரிய பல் என்ற இரண்டு எண்ணையும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

பழைய செயினை அப்படியே மாட்டாதே, நீளம் பற்றாது. புதுச் செயினை டீரெய்லருக்குள் நுழைக்காமல் 50-32 மேல் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டு. செயின் தளர்ந்தால் சத்தம்தான். குட்டையாகிப் போனால் 50-32 போட்டதும் கேஜ் விறைத்து இழுபடும், டீரெய்லரை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் வளையும், டீரெய்லர் ஸ்போக்குக்குள் போய்விடும். மலையில் அது நடக்கவே கூடாது.

பிறகு 34-32 இல் வைத்து, பெடலைப் பின்னால் சுற்றியபடி ஜாக்கி வீலின் இடைவெளியைச் சரிசெய்யும் டீரெய்லரின் பி-டென்ஷன் திருகை முறுக்கு. ஜாக்கி வீலுக்கும் 32 பல்லுக்கும் நடுவே 5-6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். சமவெளிக்கு வந்தால் பழைய 11-28 ஐ ஜிஎஸ்ஸிலும் போடலாம், 11-25 வேண்டாம். இடைவெளி கூடி, கியர் மந்தமாக விழும்.

செயினை வெட்டுமுன் 50-32 மேல் சுற்றிய நிலையில் ஒரு படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி