தீயணைப்பு வானொலியின் ஃபேஸ் 2 முறையைப் பேசாத டிஜிட்டல் ரேடியோ ஸ்கேனர்: முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரி

சமாமிஷ், வாஷிங்டன்
9 டிசம்பர் 2024

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: செப்டம்பரில் உங்கள் பெல்வியூ கடையில் வாங்கிய கையடக்க டிஜிட்டல் ரேடியோ ஸ்கேனரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, புரோகிராமிங் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடையில் உங்கள் ஊழியர் என்னிடம் தமிழிலேயே பேசித்தான் இதை விற்றார். பிறகு வாட்ஸ்அப்பில் வந்த பதில்களும் தமிழில்தான். ஆகவே புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்தால் அது உங்களுக்கு வராது, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் போகும்.

வானொலியில் போகும் பேச்சுகளைத் தேடிக் கேட்கும் ஸ்கேனர் எனக்குப் புதிதில்லை. எங்கள் மாவட்டமான கிங் கவுண்ட்டியின் பழைய 800 மெகாஹெர்ட்ஸ் டிரங்கிங் அமைப்பு (பல துறைகள் சில அலைவரிசைகளைப் பகிர்ந்துகொள்ளும் வானொலி அமைப்பு) ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சாதாரண அனலாக் டிரங்கிங் ஸ்கேனர் வைத்திருந்தேன். ஈஸ்ட்சைட் தீயணைப்புப் படை எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தச் சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது என்பதெல்லாம் அதில் தெளிவாகக் கேட்கும். பிறகு கவுண்ட்டி புது அமைப்புக்கு மாறியது. 2015 ஏப்ரலில் வாக்காளர்கள் 273 மில்லியன் டாலர் வரிக்கு ஒப்புதல் தந்து, பல வருடம் இழுத்து, 2023-இல் துறைகள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிசர்ன் அமைப்பைத்தான் சொல்கிறேன். பியூஜெட் சவுண்ட் அவசர வானொலி வலையமைப்பு என்பது முழுப்பெயர். அன்றோடு என் பழைய ஸ்கேனரில் தீயணைப்புப் படையின் பேச்சு நின்றுபோனது. விமானம், கப்பல், வானிலை மட்டும் மிச்சம்.

இதை எல்லாம் கடையில் விவரமாகச் சொன்னேன். சமாமிஷில் இருக்கிறேன், பிசர்ன் கேட்க வேண்டும், அதிலும் தீயணைப்பு போதும், போலீஸ் வேண்டாம் என்றேன். உங்கள் ஊழியர் கண்ணாடி அலமாரியைத் திறந்து இந்த ஸ்கேனரை எடுத்து வைத்து, "அங்கிள், இது டிஜிட்டல், பி25 எல்லாம் வரும், நாங்களே பிசர்ன் போட்டுத் தருகிறோம்" என்றார். பி25 என்பது அவசரத் துறைகள் பேசிக்கொள்ளும் டிஜிட்டல் வானொலி முறை. நான் கேட்காமலே, போலீஸும் கேட்கும், அதற்கு அப்டேட் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஸ்கேனருக்கு 379 டாலர், புரோகிராமிங்குக்கு 45 டாலர், அதற்கு மேல் வரி. ரசீதில் "பிசர்ன் புரோகிராமிங்" என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். நகல் இணைத்துள்ளேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் ஒரு சத்தமும் இல்லை. மெனுவுக்குள் போய், ஏற்றியிருந்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீங்கள் ஏற்றித் தந்தது பிசர்ன் அல்ல, கவுண்ட்டி கைவிட்ட பழைய அமைப்பு. பேச்சுகளை வழிநடத்தும் கன்ட்ரோல் சேனல் பழையது, எந்தக் குழு பேசுகிறது என்று காட்டும் டாக்குரூப் எண்கள் பழையவை, மேலே சூட்டியிருந்த பெயர் மட்டும்தான் "பிசர்ன்". யாரோ பழைய கோப்பைத் திறந்து, தலைப்பை மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். 45 டாலர் வாங்கிக்கொண்டு செய்த வேலை இது.

சரி, தவறு யாருக்கும் வரும் என்று கடைக்கு எடுத்து வந்தேன். புதிய கோப்பை ஏற்றித் தந்தார்கள். அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. திரையில் சிக்னல் கோடுகள் முழுதாக எழுகின்றன. டாக்குரூப் எண் வருகிறது, பக்கத்தில் தீயணைப்பு என்று பெயரும் வருகிறது. ஒலிபெருக்கியில் ஒன்றும் இல்லை. சில நேரம் நறநறவென்று ஓர் இரைச்சல், அப்புறம் மறுபடி அமைதி.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிசர்ன் என்பது பி25 முறையின் இரண்டாம் கட்டமான ஃபேஸ் 2 அமைப்பு. ஃபேஸ் 1-இல் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுதான் போகும். ஃபேஸ் 2-இல் அதே அகலத்தை நேரத் துண்டுகளாக வெட்டி, இரண்டு பேச்சை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். குரலைச் சுருக்கும் கோடெக்கும் வேறு. ஆனால் எந்தப் பேச்சு எந்த அலைவரிசைக்குப் போகிறது என்று அறிவிக்கும் கன்ட்ரோல் சேனல் மட்டும் ஃபேஸ் 2 அமைப்பிலும் பழைய முறையிலேயே ஓடுகிறது. அதனால்தான் ஃபேஸ் 1 மட்டும் தெரிந்த ஸ்கேனர் எண்ணைக் காட்டும், பேச்சைத் தராது. நீங்கள் எனக்கு விற்ற மாடலின் கையேட்டில் ஃபேஸ் 2 என்ற சொல்லே கிடையாது. தயாரிப்பாளர் இதை நிறுத்தியே வருடங்கள் ஆகிவிட்டன என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஃபேஸ் 2 கேட்கும் கையடக்க ஸ்கேனர்கள் பத்து வருடத்துக்கும் மேலாகச் சந்தையில் இருக்கின்றன. அலமாரியில் தேங்கிக் கிடந்த பழைய சரக்கை என் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

இதை வாட்ஸ்அப்பில் எழுதிய பிறகு உங்கள் சேவைப் பிரிவு நடந்துகொண்ட விதம்தான் விற்பனையைவிட மோசம். முதலில் ஸ்கேனரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். இந்த மாடலுக்குக் கடைசியாக வந்த ஃபர்ம்வேர் ஏற்கெனவே அதில் இருந்தது. அடுத்து, நான் பல டவர்களுக்கு நடுவில் இருப்பதால் சைமல்காஸ்ட் குழப்பம், ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்திச் செருகிப் பாருங்கள் என்று பதில் வந்தது. படித்தபோது சிரிப்புதான் வந்தது. அந்தத் தந்திரம் பொய் இல்லை. ஒரே அலைவரிசையில் பல டவர்கள் ஒரே பேச்சை அனுப்பும்போது, சிக்னல்கள் சற்று முன்பின்னாக வந்து சேர்ந்து ஒன்றையொன்று குலைத்துவிடும். சாதாரண ஸ்கேனர் அதில் தடுமாறும். ஆன்டெனாவை மோசமாக்கினால் பக்கத்து டவர் மட்டும் மிஞ்சி, பேச்சு தெளிவதும் உண்டு. பிசர்னும் சைமல்காஸ்ட்தான். ஆனால் ஃபேஸ் 2-ஐப் பிரிக்கவே தெரியாத ஸ்கேனருக்குப் பேப்பர் கிளிப் என்ன செய்யும்? இருந்தாலும் செருகிப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் குறைந்தன, அவ்வளவுதான்.

அப்புறம் வேறொருவர், "அங்கிள், அங்கே எல்லாம் என்கிரிப்ட் பண்ணிவிட்டார்கள், எந்த ஸ்கேனரிலும் கேட்காது" என்று எழுதினார். போலீஸ் துறைகள் குறியாக்கம் செய்வது உண்மை. அதை எந்த ஸ்கேனராலும் உடைக்க முடியாது, சட்டமும் விடாது. அப்படியானால் போலீஸுக்கு அப்டேட் வரும் என்று உங்கள் கடையில் எந்தத் தைரியத்தில் சொன்னார்கள்? நான் கேட்டது தீயணைப்பை. அது இங்கே திறந்தேதான் இருக்கிறது. நண்பர் ஒருவர் தன்னுடைய ஃபேஸ் 2 ஸ்கேனரைக் கொண்டுவந்து, என் சமையலறை மேசையில் இதன் பக்கத்தில் வைத்தார். அவருடையதில் ஒரு மருத்துவ உதவி அழைப்புக்கு வண்டி அனுப்பும் குரல் தெளிவாக வந்தது. என்னுடையதில் அதே நொடியில் அதே டாக்குரூப் எண் திரையில் நின்றது, குரல் இல்லை. ஆன்டெனாக்களை மாற்றிப் போட்டும் பார்த்தோம். அப்போதும் அதே கதைதான். அந்த வீடியோவை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் மட்டும் வரவில்லை.

இப்படி ஒவ்வொரு யோசனையாகச் சொல்லி நாளைக் கடத்திவிட்டு, கடைசியில் 30 நாள் திருப்பும் காலம் முடிந்துவிட்டது என்கிறீர்கள். நான் முதல் புகாரை எழுதியது அந்தக் காலத்துக்குள்தான். செய்தியின் தேதி உங்கள் பக்கமும் இருக்கும். பெரிய மனது பண்ணி, பெட்டியைத் திறந்துவிட்டதால், திருப்பிய பொருளை மறுபடி சரக்கில் சேர்ப்பதற்கான 20 சதவீத ரீஸ்டாக்கிங் கட்டணம் போக மீதியைக் கடைக் கிரெடிட்டாகத் தருவதாகச் சொல்கிறீர்கள். பெட்டியைத் திறந்தது நானா? புரோகிராம் செய்வதற்காக உங்கள் கவுன்ட்டரில் உங்கள் ஊழியர்தான் சீலைக் கிழித்தார்.

இதை ஏதோ பொழுதுபோக்குச் சாமான் போல நினைத்துவிடாதீர்கள். கடந்த நவம்பர் 19 இரவு அடித்த காற்று உங்கள் கடைக்கும் தெரிந்திருக்கும். மேற்கு வாஷிங்டனில் சுமார் 6 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, மரம் விழுந்து இருவர் இறந்தார்கள். எங்கள் பக்கத்தில் மின்சாரம் போய், அதோடு இணையம் போய், செல்போனும் ஒரு கோடு இரண்டு கோடு என்று திணறியது. போனில் ஸ்கேனர் செயலி இருந்து என்ன பயன், இணையம் இல்லாமல் அது ஓடாது. பேட்டரியில் ஓடுகிற கையடக்க ஸ்கேனர் இந்த மாதிரி இரவுக்குத்தான். வெளியே டக்லஸ் ஃபர் மரங்கள் முறிகிற சத்தம், டார்ச் வெளிச்சத்தில் என் கையில் 379 டாலர் ஸ்கேனர், அதன் திரையில் தீயணைப்பு டாக்குரூப் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. வண்டிகள் எங்கேயோ போகின்றன என்று மட்டும் தெரிந்தது. எந்தத் தெருவுக்கு, எந்தச் சாலை அடைபட்டது என்று ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி, "இதை அணைத்துவிட்டுப் பழையதைப் போடுங்கள், வானிலையாவது கேட்கலாம்" என்றாள். அதைத்தான் செய்தோம். 162.550-இல் வானிலை அறிவிப்பு வந்தது.

இன்றுவரை இந்தப் புது ஸ்கேனரில் நான் கேட்டவற்றைச் சொல்கிறேன். 119.9-இல் சீட்டாக் விமான நிலைய டவர், கடல் சேனல் 14-இல் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாடு, தேசிய வானிலை அறிவிப்பு. மூன்றும் அனலாக். மூன்றும் என் பழைய ஸ்கேனரிலேயே கேட்கின்றன. ஆக, டிஜிட்டலுக்கென்று கொடுத்த பணத்துக்கு டிஜிட்டலாக ஒரு வார்த்தைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் பேச எனக்கு விருப்பமில்லை, ஆனால் உங்கள் பதில்களைப் பார்த்தால் பேசாமல் தீராது போலிருக்கிறது. வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பது விற்பவருக்குத் தெரிந்து, விற்பவரின் தேர்வை நம்பியே அவர் வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உத்தரவாதம் எழுதாமலே உண்டு. வாஷிங்டன் மாநிலச் சட்டத்தில் இது 62A.2-315 பிரிவு. பிசர்ன் கேட்கத்தான் வாங்கினேன் என்பதற்கு உங்கள் ரசீதே சாட்சி. ரீஸ்டாக்கிங் கட்டணம் மனம் மாறித் திருப்புகிறவருக்குப் பொருந்தலாம், எனக்குப் பொருந்தாது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்கேனரின் விலை, புரோகிராமிங் கட்டணம், வரி மூன்றையும் நான் பணம் செலுத்திய அதே கிரெடிட் கார்டில் 14 நாட்களுக்குள் முழுதாகத் திருப்புங்கள். கடைக் கிரெடிட் வேண்டாம். ஸ்கேனரை ஆன்டெனா, சார்ஜர், பெட்டி எல்லாவற்றோடும் தரத் தயார். கூரியரில் எடுப்பதானால் செலவு உங்களுடையது. ஃபேஸ் 2 மாடலுக்கு மாற்றித் தருகிறோம், வித்தியாசத்தைக் கட்டுங்கள் என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. அந்த மாடல் உங்கள் கடையில் இருந்திருந்தும் செப்டம்பரில் அதை எனக்குக் காட்டாதவர்களிடம் மறுபடி வாங்க மனமில்லை.

இன்னொன்று. போன வாரம் ஒரு வேலையாகப் பெல்வியூ வந்தபோது உங்கள் கடைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். இதே மாடல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. விலைச்சீட்டில் "டிஜிட்டல், கிங் கவுண்ட்டிக்கு ஏற்றது" என்று போட்டிருக்கிறது. புயலுக்குப் பிறகு ஸ்கேனர் தேடி வருகிறவர்கள் கூடுவார்கள். அந்தச் சீட்டை உடனே எடுங்கள், அல்லது ஃபேஸ் 1 மட்டும்தான், பிசர்ன் கேட்காது என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சீட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

14 நாளில் பணம் வராவிட்டால் கார்டு வங்கியில் டிஸ்ப்யூட் போடுவேன், அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் செய்வேன். தேவைப்பட்டால் கிங் கவுண்ட்டி சிறு வழக்கு நீதிமன்றமும் இருக்கிறது. 10,000 டாலர் வரை அங்கே வக்கீல் இல்லாமலே கேட்கலாம். நான் ஓய்வுபெற்றவன், நேரத்துக்குக் குறைவில்லை.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம்.

இணைப்பு: ரசீது நகல், வாட்ஸ்அப் உரையாடல் நகல், பழைய கோப்பு இருந்த மெனுத் திரையின் படங்கள், இரண்டு ஸ்கேனர்களையும் ஒப்பிட்ட வீடியோ, விலைச்சீட்டின் படம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, தொலைபேசி எண் ரசீதில் உள்ளபடி)